ஊர்ப் பதிவேட்டில் ஒரு பெயர்: ஏதென்ஸில் ஐந்து நாட்கள்

முதல் நாள்

காலையில் நான் ஏதென்ஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது மகள் எனக்கு முன்பே வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் வந்தது சென்னையிலிருந்து, நான் வந்தது வளைகுடாவிலிருந்து. பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். அவள் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் அங்கே வருவாள், அல்லது நான் ஊருக்குப் போவேன். இந்த முறை இரண்டும் வேண்டாம், எங்காவது போகலாம் என்றாள். ஏதென்ஸைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு முடிந்த கையோடு அவள் எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து, அடையாள அட்டையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். அதே பட்டியலிலிருந்து என் பெயரைச் சில ஆண்டுகளுக்கு முன் நீக்கிவிட்டார்கள். ஊரில் வசிக்கவில்லை என்பது காரணம். குறை சொல்ல முடியாது, நான் வசிக்கவில்லைதான். வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்குத் தனிப் படிவம் உண்டு. அதைக் கொடுத்துப் பெயரைச் சேர்க்கலாம், ஆனால் வாக்களிக்க நேரில் வந்து நிற்க வேண்டும். அந்தப் படிவத்தை நான் இன்னும் நிரப்பவில்லை.

பகல் உணவுக்குப் பின் ப்னிக்ஸ் குன்றுக்கு நடந்தோம். நடைபாதை மரங்களில் ஆரஞ்சுப் பழங்கள் பறிப்பாரின்றித் தொங்கின. ஒன்றைக் கடித்துவிட்டுத் துப்பினேன். நம் நாரத்தங்காய்க்கு அண்ணன். தெருவோரக் குப்பைத் தொட்டிகளில் ‘திமோஸ் அதினியோன்’ என்று எழுதியிருந்தது. ஏதென்ஸ் மாநகராட்சி என்று பொருள். திமோஸ் என்பது பழைய டெமோஸ். மக்கள் என்றும் ஊர் என்றும் இரண்டு அர்த்தம் அதற்கு. அதோடு அதிகாரத்தைக் குறிக்கும் கிராட்டோஸ் சேர்ந்ததுதான் டெமோகிராட்டியா. அந்தச் சொல்லின் முன்பாதியைக் குப்பைத் தொட்டியில் படித்தது எனக்குப் பிடித்திருந்தது. மாநகராட்சி செய்ய வேண்டிய முதல் வேலை அதுதானே.

அக்ரோபோலிஸுக்கு மேற்கே இருக்கிறது ப்னிக்ஸ். அங்கே முட்டி மோதிய கூட்டம் இங்கே இல்லை. நாயை நடத்திக்கொண்டு ஒரு முதியவர், நாங்கள் இருவர், அவ்வளவுதான். தூண் இல்லை, சிலை இல்லை. சரிந்த வெற்றுப் பாறைத் திடல், ஒரு பக்கம் யானை யானையாகக் கல் அடுக்கிய தாங்குசுவர், மறுபக்கம் பாறையிலேயே வெட்டிய படிகளும் மேடையும். ஏதென்ஸின் மக்கள் பேரவை கூடிய இடம் இதுதான். அதன் பெயர் எக்ளிசியா. இன்றைய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குத் தேவாலயம் என்று பொருள்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு பன்றிக்குட்டியைப் பலியிட்டுத் திடலைச் சுற்றி வந்து தூய்மை செய்வார்கள். மக்களை ஏமாற்றிப் பேசுகிறவன் நாசமாகப் போகட்டும் என்று சாபம் வாசிப்பார்கள். (இதை மட்டும் எல்லா நாடுகளும் திரும்பக் கொண்டுவரலாம்.) பிறகு கட்டியக்காரர் கேட்பார்: “யார் பேச விரும்புகிறீர்கள்?” பேரவையில் இடமுள்ள எவரும் எழுந்து மேடைக்கு வரலாம். கை உயர்த்தி வாக்கு. போர் தொடுக்கலாமா, தானியம் எங்கே வாங்குவது, எந்தத் தளபதியைத் தண்டிப்பது, எல்லாம் இங்கேதான் முடிவாகும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 40 கூட்டங்கள். சில முடிவுகளுக்கு 6,000 பேர் இருந்தே ஆக வேண்டும்.

ஆறாயிரம் பேரை மலைமேல் ஏற்றுவது எளிதாக இருந்திருக்காது. சந்தையில் நின்று கதை பேசிக்கொண்டிருப்பவர்களைச் செஞ்சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து இங்கே ஓட்டி வருவார்களாம். கி.மு. 425இல் அரங்கேறிய அரிஸ்டோஃபேனிஸின் நாடகத்தில் ஒரு விவசாயி விடியற்காலையிலேயே வந்து தனியாக உட்கார்ந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு, இந்தக் கயிற்றுக்குத் தப்பி ஓடுகிறவர்களைத் திட்டுகிறான். கி.மு. 403க்குப் பின் கூட்டத்துக்கு வருபவர்களுக்குப் படி கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் ஒரு ஒபோல், பிறகு இரண்டு, பிறகு மூன்று. பிற்பாடு சாதாரணக் கூட்டத்துக்கே ஒரு டிராக்மா ஆனது. ஒரு டிராக்மா என்றால் ஆறு ஒபோல். கயிற்றால் ஆகாதது காசால் ஆயிற்று.

மகள் மேடையைப் பார்த்துக்கொண்டே, “அப்பா, பெரிக்ளிஸ் இங்கே நின்றுதான் பேசினாரா?” என்றாள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸை வழிநடத்திய தலைவர் அவர். ஆமாம் என்றேன், மிகுந்த நிச்சயத்தோடு.

இரண்டாம் நாள்

நேற்றுச் சொன்னது தவறு. இரவு ஓட்டலில் படித்துப் பார்த்தேன். இன்று நிற்கும் மேடை பெரிக்ளிஸ் இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து வெட்டியது. அவர் காலத்தில் மக்கள் உட்கார்ந்த திசையே வேறு, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் திடலை நேர் எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். கடலைப் பார்த்துப் பேசினால் மக்களாட்சி எண்ணம் வளரும் என்று பயந்து மக்களாட்சியைக் கவிழ்த்த முப்பது கொடுங்கோலர் மேடையைத் திருப்பினார்கள் என்று பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் ஒரு காரணம் சொல்கிறார். நம்புவதற்கில்லை, ஆனால் நல்ல காரணம். கப்பலில் துடுப்புப் போட்ட ஏழைகள்தான் அந்த மக்களாட்சியின் முதுகெலும்பு.

இன்று முழுவதும் அகோராவில். சந்தை, நீதிமன்றம், அலுவலகம், கோவில், வம்பு மடம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்த ஊர்ப் பொது இடம். நுழைந்ததும் நான் தேடியது ஒரு கல்லை. இடுப்புக்குக் கீழே நிற்கும் சாதாரண எல்லைக் கல். அதில் எழுதியிருப்பது: நான் அகோராவின் எல்லை. கல்லே தன்மையில் பேசுகிறது. தாய் தந்தையரைப் பேணாதவர், படைக்குப் போகாமல் ஒளிந்தவர் போன்றவர்கள் குடியுரிமையின் மதிப்பை இழந்தால் இந்தக் கல்லைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் கிளெய்ஸ்தெனிஸ், கி.மு. 508இல். அதற்கு முன் ஒருவன் யார் என்று கேட்டால் இன்னாருடைய குலம், இன்ன குடும்பத்தின் ஆள் என்பான். கிளெய்ஸ்தெனிஸ் அதைக் கலைத்துவிட்டு ஊரைப் பிடித்தார். ஏதென்ஸும் சுற்றுப்புறமும் சேர்ந்த அட்டிகா முழுவதும் 139 ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பதிவேடு, ஒரு தலைவர். கடலோர ஊர்கள் கொஞ்சம், உள்நாட்டு ஊர்கள் கொஞ்சம், நகரத்து ஊர்கள் கொஞ்சம் என்று கலந்து பத்துப் பிரிவுகள் ஆக்கினார். மலைக்காரனும் மீனவனும் ஒரே பிரிவில் நின்று போருக்குப் போக வேண்டும், ஒரே பிரிவிலிருந்து ஐம்பது பேராக ஐந்நூற்றுவர் அவைக்கு வர வேண்டும். பதினெட்டு வயதான பையனை ஊரார் கூடி, வயது சரியா, பிறப்பு சரியா என்று வாக்கெடுத்துப் பதிவேட்டில் சேர்ப்பார்கள். குடிமகன் என்பதற்கு இருந்த சான்று அந்த ஒரு வரி.

ஐந்நூற்றுவர் அவைக்குத் தேர்தல் கிடையாது, சீட்டுத்தான். வயது முப்பது ஆகியிருக்க வேண்டும். வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் உறுப்பினராக முடியாது. ஆண்டைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பிரிவின் ஐம்பது பேர் ஆட்சிப் பொறுப்பில் இருப்பார்கள். அவர்கள் உண்ட வட்டக் கட்டடமான தோலோஸின் அடித்தளம் இன்றும் கிடக்கிறது. மூன்றில் ஒரு பங்கினர் இரவும் அங்கேயே தங்க வேண்டும். அந்த ஐம்பது பேரில் ஒருவரைத் தினமும் சீட்டுப் போட்டுத் தலைவராக்குவார்கள். ஒரே ஒரு இரவும் பகலும், வாழ்நாளில் ஒரே முறை. கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் அன்று அவர் கையில். ஆண்டுக்கு முந்நூற்றைம்பது பேருக்கு மேல் ‘நேற்று நான் நாட்டின் தலைவன்’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கலாம். மனைவி என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று எழுதி வைக்க யாரும் இல்லை.

அட்டலோஸ் மண்டபத்தில்தான் அருங்காட்சியகம். மண்டபம் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்குரியது, இப்போது நிற்பது 1950களில் அமெரிக்க ஆய்வாளர்கள் அதே அடித்தளத்தின் மேல் திரும்பக் கட்டியது. உள்ளே நான் பார்க்க வந்த பொருள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பலகைக்கல்லாக நிற்கிறது. அதன் பெயர் கிளெரோட்டீரியோன், சீட்டுக் கல். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பொளிகள். நீதிமன்ற நடுவராக அமர விரும்பும் ஒவ்வொருவருக்கும் வெண்கலத்திலோ மரத்திலோ ஒரு பட்டயம்: பெயர், தந்தை பெயர், ஊர். அதிகாலையில் பட்டயங்களைப் பொளிகளில் செருகுவார்கள். கல்லின் பக்கவாட்டுக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமான உருண்டைகளைக் கலந்து போட்டு, கீழே ஒவ்வொன்றாக விடுவார்கள். வெள்ளை வந்தால் அந்த வரிசை முழுவதும் இன்று நடுவர்கள். கறுப்பு வந்தால் பட்டயத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எந்த வழக்குக்கு எவர் அமர்வார் என்று காலை வரை யாருக்கும் தெரியாது. யாருக்கு லஞ்சம் கொடுப்பது? ஒரு வழக்குக்கு நடுவர்கள் 201 பேர், 501 பேர் என்று இருக்கும். அத்தனை பேருக்கும் கொடுத்துக் கட்டுப்படியாகாது. கணக்கு எழுதுகிறவனாக நான் இந்தக் கல்லின் முன் நின்ற நேரம் வேறெங்கும் நிற்கவில்லை. மனிதனை நம்பாமல் மனிதர்களை நம்புவதற்குக் கண்டுபிடித்த கருவி.

சீட்டுப் போடுவது மக்களாட்சிக்குரியது, தேர்தல் சிலராட்சிக்குரியது என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். தேர்தல் என்றால் பணமும் பெயரும் உள்ளவன்தான் ஜெயிப்பான் என்பது அவர்கள் அனுபவம். தளபதிகள் போன்ற சிலரை மட்டும் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டில் வந்தவன் பின்னால் போருக்குப் போக யாருக்கும் துணிவில்லை. உத்திரமேரூர்க் குடவோலை உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும், எனக்கும் வந்தது. ஆனால் அங்கே குடத்தில் பெயர் விழுவதற்குக் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். இங்கே நடுவர் பட்டயத்துக்கு நிலம் கேட்கவில்லை, இரண்டு பெற்றோரைக் கேட்டார்கள். அதற்கு நாளை வருகிறேன்.

அடுத்த கண்ணாடிப் பெட்டியில் பானை ஓடுகள். ஆண்டுக்கு ஒரு முறை, யாராவது ஆபத்தாக வளர்ந்துவிட்டானா என்று பேரவை கேட்கும். ஆமாம் என்றால் இன்னொரு நாள் ஓட்டில் பெயர் கீறிப் போடுவார்கள். அதிக ஓடு வாங்கியவர் பத்து ஆண்டுகள் நாட்டை விட்டுப் போக வேண்டும். சொத்துக்கு ஒன்றும் ஆகாது. ஏதென்ஸின் தலைவர்களில் ஒருவரான தெமிஸ்டோக்கிளிஸின் பெயர் எழுதிய ஓடுகள் அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் 190 கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் 14 பேர்தான். கட்சிக்காரர்கள் முன்கூட்டியே எழுதி அடுக்கி வைத்து, வருகிறவர்கள் கையில் திணிக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள். மகள் இதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் காவலர் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள்

காலையில் பார்த்தெனானுக்கு ஏறினோம். அதைப் பற்றி எழுத எனக்கு மேலானவர்கள் இருக்கிறார்கள்.

இறங்கி வந்து லைசியத்துக்குப் போனோம். அரிஸ்டாட்டில் பாடம் சொன்ன இடம். 1996இல் ஓர் அருங்காட்சியகம் கட்டத் தோண்டியபோது வெளிப்பட்டது. முழங்கால் உயரச் சுவர்கள், சுற்றிலும் புதர்ச் செடிகள். குடிமகன் யார் என்ற கேள்விக்கு அவர் சொன்ன விளக்கத்தை மகள் வகுப்பில் படித்திருக்கிறாள்: தீர்ப்பளிப்பதிலும் ஆள்வதிலும் பங்கு உள்ளவன் குடிமகன். அதை எழுதியவர் வடக்கே ஸ்டகிராவிலிருந்து வந்தவர். ஏதென்ஸில் வாக்கு இல்லை, நிலம் வாங்கும் உரிமை இல்லை, சீட்டுக் கல்லில் செருகப் பட்டயம் இல்லை. ஒரு கல்யாண வீட்டின் விருந்தை வாசலில் நின்றபடியே அவ்வளவு துல்லியமாக விவரித்திருக்கிறார்.

பிற்பகல் கெராமெய்க்கோஸ், பழைய இடுகாடு. ஓடை ஒன்று இன்னும் ஓடுகிறது, கரையில் ஆமைகள். போரில் இறந்தவர்களுக்கு அரசே இறுதிச் சடங்கு செய்த பாதை இங்கே தொடங்குகிறது. கி.மு. 431ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பெரிக்ளிஸ் தம் புகழ்பெற்ற இரங்கல் உரையை ஆற்றியது இந்தப் பக்கம்தான். பொதுக் காரியத்தில் ஈடுபடாதவனை நாங்கள் அமைதியானவன் என்று சொல்வதில்லை, பயனற்றவன் என்கிறோம் என்றார். முடிக்கும்போது கைம்பெண்களைப் பார்த்து, நல்லதாகவோ கெட்டதாகவோ ஆண்கள் நடுவில் உங்களைப் பற்றிய பேச்சே எழாமல் இருப்பது உங்களுக்குப் பெருமை என்றார்.

“இதையும் அதே மூச்சில் சொன்னாரா?” என்றாள் மகள்.

அதே உரையில்தான்.

அந்த மனிதரின் கதை எனக்கு உரையைவிடப் பெரியது. கி.மு. 451இல் அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதுவரை தந்தை ஏதென்ஸ்காரர் என்றால் மகன் குடிமகன். இனி தாயும் ஏதென்ஸ்காரியாக இருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் கழித்து எகிப்திலிருந்து இலவசமாகக் கோதுமை வந்தது, குடிமக்களுக்குப் பங்கிட. உடனே யார் உண்மையான குடிமகன் என்று எல்லோரும் எல்லோரையும் கிளறத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 5,000 பேர் போலிகள் என்று விலக்கப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டார்கள், 14,040 பேர் தேறினார்கள் என்கிறார் புளூட்டார்க். விற்கப்பட்டது மெய்யா என்று ஐயுறலாம். கோதுமை மூட்டையைக் கண்டதும் பதிவேட்டைப் புரட்டியதை நான் முழுக்க நம்புகிறேன்.

பெரிக்ளிஸ் தம் மனைவியைப் பிரிந்து வாழ்ந்தது மிலெட்டஸிலிருந்து வந்த அஸ்பாசியாவோடு. அயலூர்ப் பெண். அவர்களுக்குப் பிறந்த மகனுக்கும் பெரிக்ளிஸ் என்று பெயர். தந்தை போட்ட சட்டப்படி மகன் குடிமகன் அல்லன். பிறகு கொள்ளைநோய் வந்தது. இந்த இடுகாட்டின் ஓரத்தில் 1990களில் மெட்ரோவுக்குத் தோண்டியபோது அந்த நாட்களின் பிணக்குழி ஒன்று கிடைத்தது. முறையாக அடக்கம் செய்யவும் நேரமில்லாமல் போட்டிருந்தார்கள். அந்த நோயில் பெரிக்ளிஸின் முறையான மகன்கள் இருவரும் இறந்தார்கள். கடைசி மகனின் சவத்துக்கு மாலை வைக்கும்போது அவர் உடைந்து அழுதாராம். பிறகு பேரவையின் முன் நின்று, தாமே போட்ட சட்டத்திலிருந்து அஸ்பாசியாவின் மகனுக்கு விலக்குக் கேட்டார். மக்கள் இரங்கிக் கொடுத்தார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் மனதுக்கு இதமாக இருந்திருக்கும். அந்த மகன் வளர்ந்து தளபதியானார். கி.மு. 406இல் அர்கினூசே கடற்போரில் வென்ற தளபதிகளில் ஒருவர். புயலில் கவிழ்ந்த கப்பல்களின் வீரர்களை மீட்கவில்லை என்று, வென்று வந்த தளபதிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் விசாரித்தது பேரவை. அது சட்டத்துக்கு மாறு. அன்று பொறுப்பில் இருந்த ஐம்பது பேரில் சாக்ரடீஸும் ஒருவர். அவர் ஒருவர்தான் கடைசிவரை ஒப்பவில்லை. மக்கள் விரும்பியதைச் செய்யவிடாமல் தடுப்பதா என்று கூட்டம் கத்தியது. ஊருக்கு வந்த ஆறு தளபதிகளுக்கும் மரண தண்டனை, சிறிய பெரிக்ளிஸ் உட்பட. குடியுரிமை கிடைத்திருக்காவிட்டால் அவர் தளபதியும் ஆகியிருக்க மாட்டார்.

வெளியே வரும் வழியில் ஹெகேசோவின் கல்லறைப் பலகை. அசல் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இங்கே நிற்பது நகல். நாற்காலியில் அமர்ந்து நகையை எடுத்துப் பார்க்கும் பெண். மேலே எழுத்து: புரோக்செனோஸின் மகள் ஹெகேசோ. எதிரே நகைப்பெட்டியை ஏந்தி நிற்கும் பணிப்பெண். மகள் பலகையைச் சுற்றி வந்து தேடினாள். பெட்டி ஏந்தியவளுக்குப் பெயர் எழுதவில்லை.

நான்காம் நாள்

பச்சை வழித்தட மெட்ரோவில் பிரேயஸ் துறைமுகம். தீவுகளுக்குப் போகும் கப்பல்கள், லாரிப் புகை, பெட்டி இழுக்கும் சத்தம். பயணிகள் இங்கே கப்பல் ஏற மட்டும் வருகிறார்கள். நான் ஒரு குடும்பத்தைத் தேடி வந்தேன்.

ஏதென்ஸில் வந்து தங்கி உழைத்த அயலாருக்கு மெட்டிக் என்று பெயர்; உடன் வாழ்பவர் என்று கொள்ளலாம். ஆண்டுக்கு 12 டிராக்மா தலைவரி, தனியாகப் பிழைக்கும் பெண்ணுக்கு 6. போருக்குக் கூப்பிட்டால் போக வேண்டும். நிலமோ வீடோ வாங்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு குடிமகன் பொறுப்பேற்க வேண்டும். அவருக்கு ப்ரோஸ்டாட்டீஸ் என்று பெயர். பொறுப்பாளர் இல்லை என்று நிரூபணமானால் அடிமையாக விற்றுவிடுவார்கள். இதைப் படித்த அன்று நான் வாய்விட்டுச் சொன்னேன்: கஃபீல்! வளைகுடாவில் அயல் தொழிலாளிக்குப் பொறுப்பேற்கும் ஆள். அங்கே வேலை பார்த்த யாருக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. (என்னை யாரும் விற்கவில்லை. ஒப்புமையை அந்த அளவுக்கு இழுக்க மாட்டேன்.)

கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்த ஒரு கணக்கில் குடிமக்கள் 21,000, மெட்டிக்குகள் 10,000. அடிமைகள் 4,00,000 என்று அதே கணக்கு சொல்கிறது. அதை இன்று யாரும் நம்புவதில்லை, ஆனால் மிகப் பலர் என்பதில் சந்தேகமில்லை. லாரியத்தின் வெள்ளிச் சுரங்கத்தில் அவர்கள் தோண்டிய வெள்ளியில்தான் தெமிஸ்டோக்கிளிஸ் கப்பற்படை கட்டினார். பேரவையில் உட்காரக் குடிமகனுக்கு நேரம் கிடைத்ததில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று இரண்டு நாளாக நானும் மகளும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். தீரவில்லை.

நான் தேடி வந்த குடும்பம் கெஃபலோஸுடையது. சிராக்யூஸ்காரர். பெரிக்ளிஸே அழைத்து வந்ததாக அவர் மகன் லிசியாஸ் சொல்கிறார். முப்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார், ஒரு வழக்குப் போட்டதில்லை, ஒரு வழக்கில் சிக்கியதில்லை. வெளிநாட்டில் வாழ்கிறவனின் பெருமை இப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். பிளேட்டோ தம் ‘குடியரசு’ உரையாடல் நடப்பதாக அமைத்தது இந்தக் குடும்பத்தின் பிரேயஸ் வீட்டில். நல்ல அரசு எது என்று விடிய விடியப் பேசும் அந்த வீட்டுக்காரர்களுக்கு வாக்கு இல்லை.

கி.மு. 404இல், போரில் ஏதென்ஸை வென்ற ஸ்பார்ட்டாவின் தயவில் முப்பது கொடுங்கோலர் ஆட்சிக்கு வந்தார்கள். பணம் தேவைப்பட்டது. பணக்கார மெட்டிக்குகளைப் பிடிப்பது என்று முடிவு. முதலில் பத்துப் பேர். அதில் இரண்டு பேர் ஏழைகளாக இருக்கட்டும், பணத்துக்காகச் செய்யவில்லை என்று காட்டலாம் என்று பட்டியல் போட்டார்கள். லிசியாஸ் வீட்டில் விருந்து நடக்கும்போது ஆட்கள் வந்தார்கள். பெய்சோன் என்பவனிடம் ஒரு டேலண்ட் (6,000 டிராக்மா) வெள்ளி தருகிறேன், விட்டுவிடு என்றார் லிசியாஸ். அவன் சத்தியம் செய்தான். பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருந்த மூன்று டேலண்ட் வெள்ளி, பொற்காசுகள், வெள்ளிக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டான். வழிச்செலவுக்காவது கொடு என்று கேட்டதற்கு, உயிர் பிழைத்தால் போதும் என்று நினைத்துக்கொள் என்றான். லிசியாஸ் பின்வாசல் வழியாகத் தப்பி, படகேறி மெகராவுக்குப் போய்விட்டார். அண்ணன் பொலெமார்க்கோஸைத் தெருவில் பிடித்து, குற்றம் என்னவென்றும் சொல்லாமல் நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள். அவர் மனைவியின் காதிலிருந்த தங்கத் தோடுகளைக் கழற்றிக்கொண்டார்கள். மூன்று வீடு இருந்த குடும்பத்துக்கு, ஒரு வாடகைக் கொட்டகையிலிருந்து சவத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

லிசியாஸ் மெகராவிலிருந்தபடி மக்களாட்சிப் படைக்குப் பணம் அனுப்பினார், 200 கேடயங்கள் அனுப்பினார், கூலிப்படை சேர்க்க உதவினார். கி.மு. 403இல் அந்தப் படை வென்றது. தலைவர் திராசிபூலஸ், நம்மோடு நின்ற அயலாருக்குக் குடியுரிமை கொடுப்போம் என்று பேரவையில் தீர்மானம் வைத்தார். பேரவை ஒப்புக்கொண்டது. லிசியாஸ் குடிமகன் ஆனார்.

சில நாள் மட்டும். ஆர்க்கினோஸ் என்ற இன்னொரு மக்களாட்சித் தலைவர் வழக்குப் போட்டார்: இந்தத் தீர்மானம் ஐந்நூற்றுவர் அவை வழியாக வரவில்லை, முறை தவறு, செல்லாது. செல்லாமல் போயிற்று. சட்டப்படி சரிதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆறு தளபதிகளைக் கொல்லும்போது முறை பார்க்காத ஊர் அது. ஒருவேளை அதனாலேயே இப்போது பார்த்தார்களோ என்னவோ.

பிறகு வாழ்நாள் முழுவதும் லிசியாஸ் குடிமக்களுக்கு நீதிமன்ற உரை எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். ஏழை, விவசாயி, கால் ஊனமுற்றவர் என்று வந்தவர் குரலிலேயே எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எழுதிக் கொடுத்ததை அவர்கள் தண்ணீர்க் கடிகாரம் ஓடும் நேரத்துக்குள் பேசி வென்றார்கள்.

துறைமுகத்தில் கணவாய் வறுவல் சாப்பிட்டோம். விலை அதிகம்.

ஐந்தாம் நாள்

கடைசி நாள் கடலுக்கு என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். சிந்தக்மா சதுக்கத்திலிருந்து டிராம், வழியில் ஒரு மாற்றம். நான் இறங்கச் சொன்ன இடம் அலிமோஸ். படகுத் துறை, நீண்ட கடற்கரை, டிசம்பர் குளிரிலும் நீந்தும் இரண்டு மூதாட்டிகள். பழைய பெயர் ஹலிமூஸ், கிளெய்ஸ்தெனிஸின் 139 ஊர்களில் ஒன்று. நகரத்திலிருந்து ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வரலாறு எழுதிய துசிடிடீஸுக்கு ஊர் இதுதான்.

கி.மு. 346இல் எல்லா ஊர்களும் தங்கள் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் வாக்கெடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஹலிமூஸில் ஊர்க்கூட்டத்தை நடத்தியவர் யூபூலிடீஸ். ஊர் விவகாரம், ஆனால் கூட்டத்தை நகரத்தில் வைத்தார். பகல் முழுவதும் பேச்சிலும் தீர்மானத்திலும் ஓட்டினார். சத்தியம் செய்து உட்கார்ந்தவர்கள் 73 பேர். இருட்டிவிட்டது, வயதானவர்கள் ஊர்போய்ச் சேர வேண்டுமே என்று கிளம்பிவிட்டார்கள். முப்பது பேருக்கு மேல் மிச்சமில்லாத நேரத்தில் யூக்சிதியோஸ் என்பவரின் பெயரை அழைத்தார். எண்ணிப் பார்த்தபோது விழுந்திருந்த வாக்குகள் அறுபதுக்கு மேல்.

இதை நான் கற்பனை செய்யவில்லை. யூக்சிதியோஸ் மேல்முறையீடு செய்து நீதிமன்றத்தில் பேசிய உரை, புகழ்பெற்ற பேச்சாளர் டெமோஸ்தனிஸின் உரைகளோடு நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தோற்றால் அடிமையாக விற்கப்படுவார். உரையில் ஊர் அரசியல் முழுவதும் இருக்கிறது. அவரே ஒரு காலத்தில் ஊர்த்தலைவராக இருந்து, கோவில் நிலக் குத்தகை பாக்கியைக் கறாராக வசூலித்தவர், அந்தப் பகை. யூபூலிடீஸின் தந்தை ஊர்த்தலைவராக இருந்தபோது பதிவேடே ‘தொலைந்துவிட்டது’. புதிதாக எழுதும் சாக்கில் பத்துப் பேரை நீக்கினார்கள், ஒருவரைத் தவிர மற்றவர்களை நீதிமன்றம் திரும்பச் சேர்த்தது.

தாய் மேல் வைத்த குற்றம்: சந்தையில் நாடா விற்றவள், வேறொரு வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்தவள். குடிமகனின் மனைவி செய்கிற வேலையா இது? அவர் மறைக்கவில்லை. ஆமாம், வறுமை, விற்றாள் என்கிறார். சந்தையில் உழைப்பதைச் சொல்லி யாரையும் இழிவு செய்யக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அதை எடுத்துக் காட்டுகிறார். பெண்ணுக்குப் பதிவேடு கிடையாது என்பதால் தாய் யாருடைய மகள் என்று சொல்ல மாமன் மச்சான் வகையை எல்லாம் சாட்சிக்கு நிறுத்துகிறார்.

தந்தை மேல் வைத்த குற்றம்: அவர் பேச்சில் அயலார் வாடை. அதற்கும் விளக்கம் இருக்கிறது. போரில் பிடிபட்டு, லியூக்காஸ் தீவில் விற்கப்பட்டு, பல ஆண்டுகள் கழித்து ஒரு நடிகரின் உதவியால் திரும்பி வந்தவர் அவர். போன இடத்தின் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் மகள் என்னைப் பார்த்தாள்.

“என்ன?”

“ஒன்றுமில்லை அப்பா. உங்கள் தமிழில் மலையாள வாடை அடிக்கிறது என்று பாட்டி எப்போதும் சொல்வார்களே.”

பத்தொன்பது ஆண்டுகளாக அறையில் இருப்பவர்கள் மூவரும் மலையாளிகள். நான் என்ன செய்வேன்.

தோற்றால் தற்கொலை செய்துகொள்வேன், சொந்த மண்ணில் உறவினர் கையால் அடக்கமாவதற்காவது அது உதவும் என்று சொல்லி யூக்சிதியோஸ் முடிக்கிறார். நடுவர்கள் வரிசையாகப் போய் வெண்கல வில்லைகளைப் போட்டிருப்பார்கள். நடுவில் துளையுள்ளதா அடைத்ததா என்று வெளியே தெரியாமல் இரு விரலால் மூடிப் போடுவார்கள். அருங்காட்சியகத்தில் அந்த வில்லைகளையும் பார்த்தோம். உரை நமக்குக் கிடைத்திருக்கிறது, தீர்ப்பு கிடைக்கவில்லை.

மூதாட்டிகள் கரையேறித் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் என் கைப்பேசியை வாங்கி எதையோ தேடினாள். வெளிநாட்டு வாக்காளர் படிவம். பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் அவளே நிரப்பினாள். தந்தை பெயர் கேட்டது, சொன்னேன். கடவுச்சீட்டு எண் கேட்டது. கடவுச்சீட்டு ஓட்டல் அறையில் இருந்தது. அடுத்த டிராமுக்கு ஒன்பது நிமிடம் என்று பலகையில் காட்டியது. நிறுத்தத்தை நோக்கி நடந்தோம்.